கணக்குப் பேப்பரில் வடக்கு

சாக்பீஸைப் பிடித்தால் என் கை தங்கமான கை. அதே கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பாருங்கள், தேள் மாதிரி கொடுக்கைத் தூக்கிக்கொள்ளும். மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். ஆள்காட்டி விரல் பேனாவை விட்டு எழுந்து நிற்கும். கட்டைவிரல் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பேனா முனை தாளைக் குத்திக்கொண்டு அங்கேயே நிற்கும். மற்ற நேரத்தில் அந்தக் கை காய் நறுக்கும், ஊசியில் நூல் கோக்கும், ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும், கோபம் வந்தால் மேசையை ஓங்கித் தட்டும். எழுத மட்டும் வராது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் நானே நம்பவில்லை.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் கணக்கு. எங்களை எல்லாம் பாடத்தின் பெயரால்தான் கூப்பிடுவது வழக்கம். "கணக்கு வருதுடா, ஓடு" என்று பிள்ளைகள் சொல்வது என் காதில் விழும். விழட்டும் என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது. என் வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல், இரண்டையும் நான் மறைத்ததில்லை. ஆனால் என் வகுப்பில் கணக்கு வராமல் போன பிள்ளை கிடையாது. கரும்பலகையில் நான் ஒரு நிரூபணம் எழுதி முடித்தால் அதை அழிக்க அடுத்த பாடத்துக்கு வருகிறவருக்கே மனசு வராது.

கை மக்கர் பண்ண ஆரம்பித்தபோது கையை மடக்கிப் படுத்துத் தூங்கியதால் வந்தது என்று நினைத்தேன். பிறகு பேனா சரியில்லை என்று நினைத்து, தடித்த பேனா, மெல்லிய பேனா, ரப்பர் சுற்றிய பேனா என்று வாங்கி வாங்கி மேசை டிராயர் நிறைந்தது. ஒரு டாக்டர் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். இன்னொருவர் மனசுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். மனசுக்கு எதற்கு ஐயா ஓய்வு, கை அல்லவா வேலைநிறுத்தம் செய்கிறது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு எல்லாமே சிரிப்புதான். "ஏம்மா, எழுத்துதானே வரலை? பேச்சு தங்குதடை இல்லாம வருதே, அது போதாதா?" என்றார். அவர் சிரிப்பில் கள்ளம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் தட்டில் சாப்பாட்டைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் உண்மையைச் சொன்னது ஒருத்தியிடம்தான். பூகோளத்திடம்.

நானும் பூகோளமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகாத வயது, இரண்டு பேருக்கும் புதுச் செருப்பு கடித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரே பெஞ்சில் சாப்பாடு, ஒரே பஸ்ஸில் வீடு. அவளுக்கு அதிர்ந்து பேசத் தெரியாது. நான் கத்திவிட்டு வந்த இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்ச் சமாதானம் செய்துவிட்டு வருவாள். 'இடியும் குடையும்' என்று எங்களைச் சொல்வார்கள். யார் இடி, யார் குடை என்று சொல்லத் தேவையில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரிய டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவ்வளவுதான். அவங்க ஓய்வு பெறப் போறாங்க. அடுத்தது நான். கையெழுத்துப் போட முடியாதவளை யாராவது தலைமையாசிரியர் ஆக்குவாங்களா?"

"அப்ப பேப்பர் திருத்தறது?"

"அதுதான் தெரியலை."

"நீ படிச்சு மார்க்கைச் சொல்லு. நான் எழுதறேன். உன் எழுத்து எனக்கு வராதா என்ன?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பள்ளி விட்டதும் பூகோள அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். சுவரில் சுருட்டிய தேசப்படங்கள், மூலையில் தென்துருவம் நசுங்கிய ஒரு பூகோள உருண்டை, ஜன்னல் பக்கம் நீளமான மேசை. நான் விடைத்தாளைப் படித்துக்கொண்டே "ரெண்டு, மூணு, இதுக்கு முட்டை, ஒரு வரி விட்டிருக்கு, அரை குறை" என்று சொல்லச் சொல்ல அவள் சிவப்பு மையில் போட்டுக்கொண்டே வருவாள். என் ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு உண்டு, என் மொத்த மதிப்பெண்ணைச் சுற்றிய வட்டம் கடைசியில் மூடாது. இரண்டையும் அவள் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டாள். காலையில் வருகைப் பதிவேட்டிலும் யாரும் பார்க்காதபோது என் கையெழுத்தை அவளே போட்டுவிடுவாள். எனக்கே என் பேப்பர் என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்தது. "பூகோளம், நீ என் வலது கைடி" என்றேன். அவள் சிரித்தாள்.

நரம்பு நோய்க்கென்றே இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். அங்கே ஒரு டாக்டரம்மா, என் கையில் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்லிப் பார்த்தார். எல்லோரையும் போல எலும்பைத் தட்டவில்லை, மனசைப் பற்றிக் கேட்கவில்லை. "இதுக்குப் பேர் இருக்கு டீச்சர். எழுத்துப் பிடிப்பு. கோளாறு கையில இல்லை, கைக்குச் சேதி அனுப்பற மூளையில. நீங்க நடிக்கலை" என்றார். நான் நடிக்கிறேன் என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் ஏனோ விம்மி அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா இதைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆளைக் குழாய் மாதிரி ஒரு ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, உள்ளேயே எழுதச் சொல்லி, அப்போது மூளையில் எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று படம் எடுப்பார்களாம். நோய் உள்ளவருக்கு ஒன்று, அதே வயதில், அதே மாதிரி எழுதுகிற தொழிலில் இருக்கிற நோய் இல்லாதவருக்கு ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியுமாம்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களா?" என்று கேட்டார்.

"நான் வரேன் டாக்டர்" என்றாள் பூகோளம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிஃப்டுக்குள் போகப் பயந்து மாடிப்படி ஏறுகிறவள் அவள். கழிப்பறைத் தாழ்ப்பாளைக்கூட முழுசாகப் போட மாட்டாள், என்னை வெளியே காவலுக்கு நிறுத்துவாள். அவளா குழாய்க்குள் போவாள்?

போனாள். தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி என் கைப்பையில் போட்டுவிட்டு, வயிற்றின் மேல் வைத்த அட்டையில் பிளாஸ்டிக் பேனாவால் எழுத உள்ளே போனாள். பயப்படுகிறவருக்குத் துணையாக ஒருவர் கால் பக்கம் நிற்கலாம் என்றார்கள். கைப்பை, நகை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு நின்றேன். மெஷின் தகரக் கொட்டகையில் கல் விழுகிற மாதிரி சத்தம் போட்டது. வெளியே தெரிந்தது அவளுடைய பாதம் மட்டும்தான். அதன் விரல்கள் நடுங்கின. கடைசிவரை அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர். "நான் அழுதேன்னு யார்கிட்டயும் சொல்லாதடி. உள்ள போனேன்னே சொல்லாத" என்றாள். "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று அவள் தலையில் கை வைத்தேன்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், அவள் என்மேல் வைத்திருந்தது பொய்ப் பாசம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

படங்கள் தயாரானதும் டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, திரையில் இரண்டு மூளைகளைக் காட்டினார். என்னுடையதில் ஆங்காங்கே பற்றி எரிந்தது. அவளுடையதில் ஒரு மூலையில் அமைதியாக ஒரு வெளிச்சம்.

"நீங்க எழுதணும்னு நினைச்சதும் ஒரு விரலுக்குச் சேதி போகுது. கூடவே பக்கத்து விரலைப் பாத்து 'நீ சும்மா இரு'ன்னு ஒரு சேதியும் போகணும். உங்களுக்கு அந்த 'சும்மா இரு' சரியாப் போகலை. அதனால எல்லாத் தசையும் சேர்ந்து இழுக்குது. ஏன் இப்படி ஆகுதுன்னு எங்களுக்கும் இன்னும் முழுசாத் தெரியாது."

"அதாவது ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்டா கிளாஸே எழுந்து கத்துது."

"அதேதான் டீச்சர்."

"என் கிளாஸ்ல அப்படி நடந்ததே கிடையாது!" என்றேன். பூகோளம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள்தான் கேட்டாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"போர்டுல மட்டும் எப்படி டாக்டர் இவளுக்கு அவ்வளவு அழகா வருது?"

"போர்டுல தோளும் முழங்கையும்தான் எழுதுது, விரல் சும்மா பிடிச்சுக்குது. மூளைக்கு அது வேற வேலை. பேனாவால தாள்ல எழுதற அந்த ஒரு பழக்கத்துலதான் சிக்கல். விவரம் தெரியாதவங்க போர்டுல எழுதறதைப் பாத்தா, இவங்க நடிக்கறாங்கன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. ஜாக்கிரதையா இருங்க."

பஸ்ஸில் வரும்போது பூகோளம் அதையே திருப்பிச் சொன்னாள். "ஆச்சரியமா இல்லடி? உன்னைத் தப்பா நினைக்கணும்னா போர்டுல எழுதச் சொன்னாப் போதும்." நான் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு "ஆமா" என்றேன்.

முழங்கைக்குக் கீழே ஊசி போட்டார்கள். இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது, எழுத்து வரவில்லை. பழகப் பழக வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. பூகோள அறையில் எங்கள் வேலை தொடர்ந்தது.

பெரிய டீச்சர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய தேர்வு அது. வரைபடக் கணக்குக்கான கட்டத் தாள்களைப் பிள்ளைகள் தனியாகக் கட்டியிருந்தார்கள். கோடு சரியாகப் போகிறதா, புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "இதை நீயே பாத்துப் போடு, எனக்குக் கண்ணைச் சொருகுது" என்று அவளிடம் தள்ளிவிட்டு நான் மற்ற தாள்களின் மொத்தத்தை மனசிலேயே கூட்டிக்கொண்டிருந்தேன். அவளும் அன்றைக்குக் காலையிலிருந்து தன்னுடைய தேசப்படத் தாள்களைத் திருத்திக் களைத்திருந்தாள். தேசப்படத்தில் வடக்கு எது என்று அம்புக்குறி போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைப்பாள். வருஷக்கணக்காகக் குறைத்த கை அது.

பேப்பர் கொடுத்த மறுநாள் ஒரு பிள்ளையின் அப்பா தாளாளரிடம் போய் நின்றார். அவர் கையில் ஒரு கட்டத் தாள். நேர்கோட்டுச் சமன்பாடு, கோடு அழகாகப் போட்டிருக்கிறது. அதன் தலையில் சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'வடக்கு எங்கே?', கீழே குறை அரை.

"கணக்குப் பேப்பர்ல வடக்கு எதுக்குங்க? எம்பொண்ணு x அச்சைத் தெற்கேயா போட்டா?" என்று கேட்டாராம்.

ஆசிரியர் அறையே சிரித்தது. எனக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. அடுத்த நொடி நின்றது. அதை யார் எழுதியிருக்க முடியும் என்று கண்டுபிடிக்கத் துப்பறிகிறவர் தேவையில்லை.

தாளாளர் எங்கள் இருவரையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளியை நடத்துகிறவர், எதையும் சுருக்கமாகக் கேட்கிற மனிதர். பெரிய டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இனி மறைப்பதில் அர்த்தம் இல்லை என்று நானே ஆரம்பித்தேன்.

"சார், எனக்குக் கை எழுத வராது. அது ஒரு நோய். தலைமைப் பதவி போயிடும்னு பயந்து மறைச்சேன், அது என் தப்பு. இந்தக் கட்டத் தாள் தவிர மார்க் எல்லாம் நான் போட்டதுதான், எழுதினது மட்டும் இவ. இவளுக்கு எல்லாம் தெரியும், கேளுங்க."

சொல்லிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன். குடை இருக்கும்போது இடிக்கு என்ன பயம்?

பூகோளம் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "கை வலிக்குதுன்னு சொன்னாங்க சார்" என்றாள்.

சொன்னாங்க. அவள் வாயில் நான் எப்போது 'அவங்க' ஆனேன்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'டி' போட்டவள்.

"வலியா, நோயா?" என்றார் தாளாளர்.

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? வீட்டுல வேலை ஜாஸ்தி, கொஞ்சம் எழுதிக் குடுன்னு கேட்டாங்க. எனக்கு சீனியர். மறுத்துப் பேச முடியலை."

நான் அவளைப் பார்த்தேன். என் வாய்க்கும் பிடிப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

தாளாளர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். எழுதிக் காட்டினேன். அது கொடுக்கைத் தூக்கியது, கிறுக்கியது, தாளைக் கிழித்தது. பெரிய டீச்சர் 'ஐயோ பாவம்' என்று முகத்தைச் சுளித்தார். தாளாளர் நம்பத் தொடங்கிவிட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள். மெதுவாக, எப்போதும் போல அதிராமல்.

"போர்டுல எழுதச் சொல்லிப் பாருங்க சார்."

அந்த அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைக்கு வராத ஆசிரியர்கள் யார் என்று எழுதிப் போடுகிற பலகை. தாளாளர் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் போய் நின்றேன். வேண்டுமென்றே கோணலாக எழுதியிருக்கலாம். என்னால் முடியாது, எனக்குப் பொய் எழுத வராது. அந்தப் பாழாய்ப்போன கையோ சாக்பீஸைப் பார்த்ததும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி துள்ளியது. வரிவரியாய், அச்சடித்த மாதிரி ஒரு நிரூபணம். என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

திரும்பிப் பார்த்தபோது தாளாளர் முகம் இறுகியிருந்தது. "நடிப்புக்கும் ஒரு அளவு வேணும்மா" என்றார்.

பஸ்ஸில் பூகோளம் சொன்னது அப்போதுதான் என் காதில் மறுபடி கேட்டது. உன்னைத் தப்பா நினைக்கணும்னா போர்டுல எழுதச் சொன்னாப் போதும். அந்தக் குழாயில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என் காலை வாருவதற்கு அவள் ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்கவில்லை.

நான் சும்மா விடுகிற ஆளா? மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவின் மேசையைத் தட்டினேன். "நீங்க நடிக்கலைன்னு என்கிட்ட சொன்னீங்களே, அதை வந்து அங்க சொல்லுங்க" என்றேன். நல்ல மனுஷி, மறுபேச்சுப் பேசாமல் வந்தார்.

அதே அறை, அதே நாற்காலிகள். டாக்டரம்மா இரண்டு மூளைப் படங்களையும் மேசையில் வைத்தார். "போர்டுல நல்லா எழுதினது நடிப்புக்கு அடையாளம் இல்லை சார். இந்த நோயோட அடையாளமே அதுதான். இந்தப் படத்தைப் பாருங்க, இவங்க மூளை சோம்பேறித்தனம் பண்ணலை, அளவுக்கு மீறி வேலை செய்யுது. பக்கத்துல இருக்கறது நோய் இல்லாத ஒருத்தரோடது. இதே வயசு, இதே தொழில்."

தாளாளர் இரண்டாவது படத்தை எடுத்துப் பார்த்தார். "இது யாரு?"

"அதைச் சொல்லக் கூடாது சார். ஆராய்ச்சிக்கு வந்தவங்க பேரை வெளியிட எங்களுக்கு அனுமதி இல்லை."

அந்த இரண்டாவது மூளைக்குச் சொந்தக்காரி எனக்கு எதிரே உட்கார்ந்து தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் அன்றைக்குச் சொன்னது அத்தனையும் பொய் என்று வெளுத்துவிடும். ஆனால் நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தேன். அதுகூடப் பெரிதில்லை, கோபத்தில் நான் எத்தனையோ சத்தியத்தைக் காற்றில் விட்டவள்தான். அவளே சொல்ல வேண்டும் என்று இருந்தது. 'அது நான்தான் சார், இவ சொல்றது எல்லாம் நிஜம், டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன்' என்று அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. என் வாழ்நாளிலேயே நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் சொல்லவில்லை. அந்தப் படத்தில் இருந்த அதே அமைதி அவள் முகத்திலும் இருந்தது.

தாளாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பொய்க்காரி என்ற பெயர் போயிற்று. கூடவே பதவியும் போயிற்று. "கையெழுத்துப் போட்டே நாள் முழுக்கக் கழியற நாற்காலி அது. நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார். பூகோளம் திருத்தியதைப் பற்றி யாரும் பேசவில்லை. சீனியர் சொன்னதைத் தட்ட முடியாத அப்பாவி அல்லவா அவள்! அடுத்த தலைமையாசிரியர் அவள்தான் என்று முடிவாயிற்று.

அன்று மாலை பூகோள அறைக்குப் போனேன். அவள் தேசப்படங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி?" என்றேன்.

அவள் திரும்பாமலே பேசினாள். "நாம சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கா? பதிவேட்டுல யார் முதல்ல கையெழுத்துப் போடறதுன்னு நின்னோம். என் கையில பேனா இருந்துச்சு. நீ முதல்ல போடுன்னு குடுத்தேன். அந்த ஒரு வரிக்கு நீ சீனியர் ஆயிட்ட. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் நீ முதல்ல, நான் உனக்குப் பின்னால. நீ கத்தற, நான் போய்ச் சமாதானம் சொல்றேன். நீ மார்க் சொல்ற, நான் எழுதறேன். 'நீ என் வலது கைடி'ன்னு சொன்னியே, உனக்கு அது பாராட்டு. எனக்கு?"

"அதை மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே! சண்டை போட்டிருக்கலாமே!"

"உன்கிட்ட யாரு சண்டை போட்டு ஜெயிக்க முடியும்?"

"அந்த வடக்கு... அது கை தவறித்தானே வந்துச்சு?"

கையிலிருந்த படத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். "முதல்ல கை தவறித்தான் வந்துச்சு. எழுதின உடனே பாத்துட்டேன். அடிச்சுட்டு மாத்தியிருக்கலாம்" என்றாள். "மாத்தலை."

சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருக்கட்டும். பேனாவை யார் கொடுத்தது என்று அவள் இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்தாள், நான் அடுத்த நொடியே மறந்துவிட்டேன், அது என் லட்சணம். அதற்காக அவள் என் பதவியைக் கேட்டிருந்தால் கத்திவிட்டாவது கொடுத்திருப்பேன். நான் சொன்னதை நம்ப வேண்டிய ஒரே ஆள் அவள். அவளே என்னைப் பொய்க்காரி ஆக்கினாள். இதை எப்படி மன்னிப்பது? எனக்குத் தெரியவில்லை. என் கையின் மேல் இருந்த கோபம் மட்டும் அன்றோடு போய்விட்டது. பாவம், அது என்ன செய்யும்? அதற்கு வரவில்லை. அவளுக்கு வந்தது, செய்யவில்லை.

இப்போது என் பேப்பர்களுக்கு மார்க் எழுத அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார். நான் சொல்வதை மூன்று முறை கேட்டுவிட்டு எழுதுவார்.

அவள் பதவி ஏற்ற அன்று காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். தாளாளர் எங்களை விசாரித்த அதே அறைதான், இனிமேல் அது அவளுடையது. அதே கரும்பலகை. பெரிய நாற்காலியில் அவள் இன்னும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். நான் பேனாவை எடுத்தேன், கை கொடுக்கைத் தூக்கியது.

"விடுடி" என்றாள் தணிந்த குரலில். "உனக்காக நான் போட்டுடறேன்."

எத்தனை மாலை கேட்ட குரல்.

"வேண்டாம் டீச்சர்" என்றேன். "எனக்கு எழுத வர்ற இடத்துல எழுதிக்கறேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டுப் பலகைக்குப் போய் சாக்பீஸை எடுத்தேன். 'கணக்கு வந்தாச்சு' என்று எழுதினேன். முத்து முத்தாக வந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'வடக்கு எங்கே?' என்றும், கீழே குறை அரை என்றும் எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. வடக்கை மட்டும் ஈரத்துணியால் துடைத்திருந்தாள். அவள் தலை குனிந்து ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாக்பீஸை எடுத்து அதே இடத்தில் மறுபடியும் அந்த அம்புக்குறியைப் போட்டேன்.